தூதரகக் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும்: விசில் ப்ளோயர்கள், தஞ்சம், சட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மறைத்ததை வெளியே சொன்ன ஒருவர், அதாவது ஒரு விசில் ப்ளோயர், கைதுக்குப் பயந்து இன்னொரு நாட்டின் தூதரகத்துக்குள் ஓடிவிடுகிறார். வாசலில் போலீஸ் நிற்கிறது, உள்ளே வர முடியவில்லை. இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் எழும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சுற்றிவரும் பதில்களில் பாதி தவறு. அந்தத் தவறான பதில்களை நம்பி ஒருவர் முடிவெடுத்தால், விலை அவருடைய வாழ்க்கை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தூதரகம் என்பது வெளிநாட்டு மண்தானே?

இல்லை. எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. லண்டனில் உள்ள ஈக்வடார் தூதரகம் நிற்பது பிரிட்டன் மண்ணில். டெல்லியில் உள்ள ஜப்பான் தூதரகம் நிற்பது இந்திய மண்ணில்.

இதை நீதிமன்றமே தீர்த்து வைத்திருக்கிறது. லண்டனில் உள்ள எகிப்துத் துணைத் தூதரகத்துக்குள் போய் ஒருவர் மனைவிக்குத் தலாக் சொன்னார். இது எகிப்து மண்ணில் நடந்த விவாகரத்து, எனவே செல்லும் என்பது அவர் தரப்பு. 1972-ல் இங்கிலாந்து நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தக் கட்டடம் எகிப்தின் பகுதி அல்ல, இங்கிலாந்துக்குள்தான் இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அதாவது, தூதரக வாசலைத் தாண்டியவர் எல்லையைத் தாண்டவில்லை. உள்ளூர்ச் சட்டம் உள்ளேயும் அவரைப் பின்தொடர்கிறது. அதை நடைமுறைப்படுத்த வேண்டிய அதிகாரியால் மட்டும்தான் உள்ளே வர முடியாது.

அப்படியானால் போலீஸ் ஏன் நுழைய முடியாது?

1961-ல் கையெழுத்தாகி 1964-ல் நடைமுறைக்கு வந்த தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கைதான் காரணம். உலகின் ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதில் இருக்கின்றன. அதன் 22-வது பிரிவு சொல்வது இதுதான்: தூதரக வளாகம் மீற முடியாதது, தூதரகத் தலைவரின் சம்மதம் இல்லாமல் உள்ளூர் அரசின் ஆட்கள் உள்ளே வரக் கூடாது, சோதனையோ ஜப்தியோ கூடாது.

விதிவிலக்கே கிடையாதா என்று கேட்பார்கள். அந்தப் பிரிவில் இல்லை. தீப்பிடித்தால்கூட சம்மதம் வேண்டும். உடன்படிக்கையை எழுதியவர்கள் இதைப் பேசித்தான் விட்டார்கள். அவசரம் என்று ஒரு சந்து வைத்தால், நாளைக்கு ஒவ்வொரு அரசும் தனக்கு வசதியான அவசரத்தைக் கண்டுபிடிக்கும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. 1977-ல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகம் தீப்பற்றியபோது, தீயணைப்பு வீரர் உடையில் உளவாளிகளும் உள்ளே வந்ததாக அமெரிக்கர்கள் சந்தேகித்தார்கள். அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். 22-வது பிரிவு தஞ்சம் தேடி வந்தவரைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. அந்தப் பாதுகாப்பு தூதரகத்தை வைத்திருக்கும் நாட்டுக்கு உரியது, உள்ளே ஒளிந்திருப்பவருக்கு உரியது அல்ல. அந்த நாடு நினைத்தால் அவருக்கு நிழல், நினைக்காவிட்டால் இல்லை.

உள்ளூர் அரசு சும்மா ஒதுங்கி நின்றால் போதுமா?

போதாது. வெளியாட்களிடமிருந்து தூதரகத்தைக் காப்பதும் அதன் கடமை. 1979 நவம்பர் 4-ல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது, 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். கைப்பற்றியவர்கள் மாணவர்கள், ராணுவம் அல்ல. ஆனாலும் தடுக்காமல் விட்டதற்கும் பிறகு அதை ஆதரித்ததற்கும் ஈரான் அரசே பொறுப்பு என்று 1980-ல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது.

தூதரகத்துக்குள் தஞ்சம் கொடுக்க ஒரு நாட்டுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா?

உலகம் முழுவதற்குமான பொதுச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை. இந்த விஷயத்தில் இன்றும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது பெருவின் அரசியல் தலைவர் விக்டர் ராவுல் ஆயா டெ லா தோரேயின் வழக்கைத்தான்.

1948 அக்டோபரில் பெருவில் ஒரு ராணுவக் கிளர்ச்சி தோற்றது. அதற்கு அவர்தான் பொறுப்பு என்று அரசு தேடியது. மூன்று மாதம் தலைமறைவாக இருந்துவிட்டு, 1949 ஜனவரி 3-ல் லிமாவில் உள்ள கொலம்பியத் தூதரகத்துக்குள் போனார். இவர் அரசியல் குற்றவாளி, நாட்டை விட்டுப் போக வழிவிடுங்கள் என்றது கொலம்பியா. பெரு மறுத்தது. வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது.

1950 தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. குற்றம் அரசியல் சார்ந்ததா இல்லையா என்று கொலம்பியா தானாகவே முடிவு செய்து பெருவைக் கட்டுப்படுத்த முடியாது. வழிவிட வேண்டிய கட்டாயமும் பெருவுக்கு இல்லை. அதே சமயம், அவர் சாதாரணக் குற்றவாளிதான் என்று பெருவால் நிரூபிக்கவும் முடியவில்லை. சரி, ஆளை ஒப்படைக்க வேண்டுமா? அதற்கு 1951-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. தஞ்சம் முடிவுக்கு வர வேண்டும், ஆனால் கொலம்பியா அவரை ஒப்படைக்க வேண்டியதில்லை. எப்படித்தான் முடிப்பது? நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் வெளியே வந்தது 1954-ல். ஐந்து வருடத்துக்கும் மேல் ஒரே கட்டடம். சர்வதேசச் சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் வரும், எங்கே கையை விரிக்கும் என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு வழக்கு போதும் என்பேன்.

லத்தீன் அமெரிக்க நாடுகள் மட்டும் இதை உரிமை போலப் பேசுகின்றனவே?

அவர்களுக்கு அது வெறும் பேச்சு அல்ல. ஆட்சிக் கவிழ்ப்பு அடிக்கடி நடந்த பிரதேசம் அது. இன்று அமைச்சராக இருப்பவர் நாளை தூதரக வாசலைத் தட்ட நேரிடலாம் என்பது எல்லாத் தரப்புக்கும் தெரியும். அதனால் 1928-ல் ஹவானா, 1933-ல் மான்டவீடியோ என்று ஒப்பந்தங்கள் வந்தன. கொலம்பியா–பெரு இழுபறிக்குப் பிறகு 1954-ல் கராகஸ் உடன்படிக்கை வந்தது. குற்றம் அரசியல் சார்ந்ததா என்று தஞ்சம் கொடுக்கும் நாடே முடிவு செய்யலாம், அந்த மனிதர் நாட்டைவிட்டு வெளியேற உள்ளூர் அரசு பாதுகாப்பான வழி தர வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. சாதாரணக் குற்றத்துக்குத் தஞ்சம் கிடையாது என்பதும் அதிலேயே உண்டு.

சிக்கல் என்னவென்றால் இது கையெழுத்திட்டவர்களுக்குள் மட்டும் செல்லும். பிரிட்டனோ அமெரிக்காவோ அதில் இல்லை.

தூதரகத்தில் இருப்பவர் அகதியா?

1951 அகதிகள் உடன்படிக்கையின்படி, தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. சொந்த நாட்டின் தலைநகரில் உள்ள ஒரு தூதரகத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் இன்னும் தன் நாட்டுக்குள்தான் இருக்கிறார்.

விசில் ப்ளோயர்களுக்கு என்று தனிப் பாதுகாப்பு உண்டா?

தஞ்சச் சட்டத்தில் இல்லை. ‘அரசியல் குற்றம்’, ‘அரசியல் கருத்துக்காகத் துன்புறுத்தல்’ என்ற பழைய வகைகளுக்குள்தான் அவர்களைப் பொருத்த வேண்டியிருக்கிறது. அது சுலபமாகப் பொருந்துவதில்லை. ராணுவம் செய்த கொலையையோ அரசின் உளவையோ வெளியே சொன்னவர் மீது வரும் வழக்கு, பெரும்பாலும் ‘ரகசிய ஆவணத்தை எடுத்தார்’, ‘கணினியில் நுழைந்தார்’ என்ற வடிவத்தில்தான் வருகிறது. காகிதத்தில் பார்த்தால் சாதாரணக் குற்றம். ஏன் செய்தார் என்பதுதான் அதை அரசியலாக்குகிறது.

அமெரிக்காவின் உளவுச் சட்டம் 1917-ல், முதல் உலகப் போர்க் காலத்தில் வந்தது. பொதுநலனுக்காகத்தான் வெளியிட்டேன் என்று அந்தச் சட்டத்தின் கீழ் வாதாட இடமில்லை. ரகசிய ஆவணங்களை விக்கிலீக்ஸ் தளத்துக்குக் கொடுத்த அமெரிக்க ராணுவ ஆய்வாளர் செல்சி மேனிங்குக்கு 2013-ல் 35 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 2017-ல் ஒபாமா தண்டனையைக் குறைத்த பிறகே வெளியே வந்தார். நீதிமன்றத்தில் காரணத்தைச் சொல்லவே இடம் கிடைக்காது என்று தெரிந்த ஒருவர் தூதரகக் கதவைத் தேடி ஓடுவதில் என்ன ஆச்சரியம்? அவரைக் கோழை என்பவர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

அசாஞ்ச் விஷயத்தில் சரியாக என்ன நடந்தது?

முதலில் ஒரு திருத்தம். கண்டிப்பாகப் பார்த்தால் விக்கிலீக்ஸ் தளத்தை நிறுவிய ஜூலியன் அசாஞ்ச் விசில் ப்ளோயர் அல்ல, அவர் வெளியீட்டாளர். ஆவணங்களைக் கொடுத்தவர் மேனிங்.

ஸ்வீடனில் பாலியல் புகார்கள் தொடர்பான விசாரணைக்காக அவரை அனுப்ப பிரிட்டன் நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருந்தன. அங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில், 2012 ஜூன் 19-ல் ஜாமீனை மீறி ஈக்வடார் தூதரகத்துக்குள் போனார். ஆகஸ்ட் 16-ல் ஈக்வடார் தஞ்சம் அறிவித்தது. உடனே விமானம் ஏறியிருக்கலாமே என்பவர்கள் அந்த இடத்தை மனதில் கொண்டுவந்து பார்க்க வேண்டும். தனி மாளிகை அல்ல, நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளக் குடியிருப்பு. அந்தக் குடியிருப்புதான் தூதரகம். கட்டடத்தின் பொது வழியும் வாசற்படியும் தெருவும் தூதரகம் அல்ல. கதவுக்கும் காருக்கும் இடையில் சில அடிகள். அந்தச் சில அடிகளைக் கடக்க முடியாமல் ஏறக்குறைய ஏழு வருடம் போனது.

தோட்டம் இல்லை. வெயில் இல்லாத குறைக்கு விளக்கு, நடக்க டிரெட்மில். 2015 அக்டோபர் வரை 24 மணி நேரமும் வெளியே போலீஸ் காவல். அவர் தன்னிச்சையாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்று ஐ.நா.வின் செயற்குழு ஒன்று 2016 பிப்ரவரியில் சொன்னது. பிரிட்டன் அதை ஏற்கவில்லை.

2017-ல் ஈக்வடாரில் அதிபர் மாறினார். ரஃபேல் கொரேயா போய் லெனின் மொரேனோ வந்தார், உள்ளே காற்றும் மாறியது. 2018 மார்ச்சில் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நடத்தை விதிகள் வந்தன. குளியலறையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், வளர்க்கும் பூனையைச் சரியாகக் கவனிக்க வேண்டும், இல்லையென்றால் பூனையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்பதுவரை அதில் இருந்தது. தஞ்சம் கொடுத்தவர் மனம் மாறினால், தஞ்சம் அடைந்தவரின் உலகம் எவ்வளவு சுருங்கும் என்பதற்கு அந்தப் பூனை விதியைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

2019 ஏப்ரல் 11-ல் ஈக்வடார் தஞ்சத்தை ரத்து செய்தது. தூதரே சம்மதம் தந்து போலீஸை உள்ளே அழைத்தார். நரைத்த தாடியோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்த காட்சியை உலகமே பார்த்தது. வியன்னா உடன்படிக்கையின்படி அதில் மீறல் இல்லை, சம்மதம் இருந்தது. ஜாமீனை மீறியதற்கு 50 வாரம், பிறகு அவரை ஒப்படைக்கும்படி அமெரிக்கா வைத்த கோரிக்கைக்காக, ஆக மொத்தம் லண்டன் பெல்மார்ஷ் சிறையில் ஐந்து வருடம். 2024 ஜூனில் ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டின் பேரில், சைபன் தீவில் உள்ள அமெரிக்க நீதிமன்றத்திலிருந்து விடுதலையாகி ஆஸ்திரேலியா போனார்.

அவருக்குத் தூதர் பதவி கொடுத்து அனுப்பியிருக்கலாமே?

ஈக்வடார் முயன்றது. 2017 டிசம்பரில் குடியுரிமை கொடுத்து, தூதரக அதிகாரியாக ஏற்கும்படி கேட்டார்கள். பிரிட்டன் மறுத்துவிட்டது. உள்ளூர் அரசு ஏற்காத ஒருவருக்கு அந்தப் பதவியால் பயனில்லை.

தூதரக வண்டியிலோ தூதரகப் பையிலோ வெளியே கொண்டுபோக முடியாதா?

வண்டியைச் சோதனையிட முடியாது என்பது உண்மை. ஆனால் வண்டியில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் அவர் உள்ளூர் மண்ணில்தான் நிற்கிறார்.

பையைப் பற்றிய கேள்விக்கு 1984-ல் நடந்ததைச் சொல்கிறேன். நைஜீரியாவின் முன்னாள் அமைச்சர் உமரு டிக்கோவை லண்டன் தெருவில் கடத்தி, மயக்க மருந்து கொடுத்து, மரப்பெட்டியில் அடைத்து, ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் சரக்கு விமானத்தில் ஏற்றப் பார்த்தார்கள். பெட்டிகளைத் தூதரகச் சரக்கு என்றார்கள். சுங்க அதிகாரி பார்த்தபோது, உடன்படிக்கையின் 27-வது பிரிவு கேட்கும் அடையாளங்களும் ஆவணங்களும் முறையாக இல்லை. அதனால் பெட்டியைத் திறக்க முடிந்தது. உள்ளே தொண்டையில் குழாயோடு டிக்கோ, பக்கத்தில் ஒரு மயக்க மருந்து மருத்துவர். தூதரகப் பை ஆவணங்களுக்கும் அலுவலகப் பொருட்களுக்கும் மட்டும்தான். மனிதரை அனுப்ப அது வழி அல்ல, நல்ல நோக்கமாக இருந்தாலும்.

ஸ்னோடன் ஏன் தூதரகத்துக்குள் போகவில்லை?

அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் தேடியது வேறொரு நாட்டின் மண்ணை. 2013 ஜூன் 23-ல் ஹாங்காங்கிலிருந்து மாஸ்கோ வந்தார். பாஸ்போர்ட்டை அமெரிக்கா ரத்து செய்திருந்ததால் ஷெரெமெத்யேவோ விமான நிலையத்தில் ஆகஸ்ட் 1 வரை சிக்கிக்கிடந்தார். இந்தியா உட்பட ஏறத்தாழ 20 நாடுகளிடம் தஞ்சம் கேட்டார். இந்தியா மறுத்தது. எங்கள் மண்ணில் வந்து நின்று கேளுங்கள் என்றன பல நாடுகள். வரவே வழியில்லாதவரிடம் சொல்லும் பதிலா இது என்று அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

அந்த ஜூலையில் பொலிவியா அதிபர் ஈவோ மொராலெஸின் விமானத்தில் அவர் இருக்கிறார் என்ற சந்தேகத்தில் சில ஐரோப்பிய நாடுகள் வான்வழியை மூடின. விமானம் வியன்னாவில் இறங்கிப் பல மணி நேரம் காத்துக் கிடந்தது. உள்ளே ஸ்னோடன் இல்லை. அதிபரின் விமானமாகவே இருந்தாலும் அடுத்த நாட்டின் வானில் பறக்க அனுமதி வேண்டும். தூதரகக் கதவைப் போன்ற பாதுகாப்பு வானத்தில் கிடையாது.

சம்மதம் இல்லாமல் போலீஸ் நுழைந்தே விட்டால்?

2024 ஏப்ரல் 5 இரவு ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் அதுதான் நடந்தது. ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற ஈக்வடாரின் முன்னாள் துணை அதிபர் ஹோர்ஹே கிளாஸ், டிசம்பரிலிருந்து மெக்சிகோ தூதரகத்தில் இருந்தார். மெக்சிகோ தஞ்சம் அறிவித்த சில மணி நேரத்தில் ஈக்வடார் போலீஸ் சுவரேறி, கதவை உடைத்து, அவரைப் பிடித்துக்கொண்டு போனது. தடுக்கப் போன மெக்சிகோ அதிகாரி தரையில் தள்ளப்பட்டார்.

ஊழலில் தண்டனை பெற்றவருக்குத் தஞ்சம் கொடுத்தது கராகஸ் உடன்படிக்கைக்கு எதிரானது என்பது ஈக்வடாரின் வாதம். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனாலும் கதவை உடைக்க அது காரணம் ஆகாது. அமெரிக்க நாடுகள் அமைப்பில் 29 நாடுகள் கண்டித்தன. மெக்சிகோ உறவை முறித்துக்கொண்டு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2012-ல் லண்டனில் இதே ஈக்வடார் எந்தப் பிரிவை நம்பி நின்றதோ, அதே பிரிவைத்தான் 2024-ல் உடைத்தது. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் வலித்த செய்தி அது.

தூதரகத்துக்குள் இருந்து குற்றம் செய்தாலும் தொட முடியாதா?

1984 ஏப்ரல் 17-ல் லண்டனில் லிபியத் தூதரக ஜன்னலிலிருந்து சுட்டதில் பெண் காவலர் இவோன் ஃப்ளெட்சர் இறந்தார். பிரிட்டன் உள்ளே நுழையவில்லை. உறவை முறித்து, உள்ளே இருந்தவர்களை விமானம் ஏற்றி அனுப்பியது. சுட்டதற்காக அன்று ஒருவரையும் கைது செய்ய முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் வேதனையை எந்தச் சட்ட விளக்கமும் ஆற்றாது.

அதன் பிறகுதான் 1987-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டடத்துக்கான தூதரகத் தகுதியையே அரசு திரும்பப் பெறலாம், ஆனால் சர்வதேசச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான். 2012-ல் இந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித்தான் பிரிட்டன் ஈக்வடாருக்குக் கடிதம் எழுதியது. மிரட்டல் என்று லத்தீன் அமெரிக்கா கொதித்தது. பிரிட்டன் அதைப் பயன்படுத்தவில்லை.

துணைத் தூதரகமும் இதே பாதுகாப்புதானா?

குறைவு. 1963-ன் தனி உடன்படிக்கையின்படி அலுவலகப் பணிக்கான பகுதிக்கு மட்டும்தான் பாதுகாப்பு. தீ போன்ற ஆபத்தில் சம்மதம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு காலம் உள்ளே இருக்க நேரிடும்?

யாராலும் சொல்ல முடியாது. ஹங்கேரியின் கார்டினல் மின்ட்சென்டி 1956 நவம்பரில் புடாபெஸ்ட் அமெரிக்கத் தூதரகத்துக்குள் போனார், வெளியே வந்தது 1971-ல். சீன இயற்பியலாளர் ஃபாங் லிட்சி 1989-ல் தியானன்மென் சதுக்கப் போராட்டம் ஒடுக்கப்பட்ட பிறகு பெய்ஜிங் அமெரிக்கத் தூதரகத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தார். பார்வையற்ற வழக்கறிஞர் சென் குவாங்செங் 2012-ல் அதே தூதரகத்திலிருந்து சில நாட்களிலேயே வெளியே வந்து, அந்த மாதமே அமெரிக்கா போனார். இந்த வித்தியாசத்துக்குச் சட்டம் காரணம் அல்ல. அந்தந்த நேரத்தில் இரண்டு அரசுகளுக்கும் என்ன தேவைப்பட்டது என்பதுதான் காரணம்.

தஞ்சம் கொடுத்த நாடு எப்போது வேண்டுமானாலும் வெளியே தள்ளலாமா?

2018-ல் அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றம் ஈக்வடாரின் கோரிக்கையின் பேரிலேயே ஒரு கருத்துரை தந்தது. தூதரகத் தஞ்சம் தனிமனிதரின் மனித உரிமை என்று அது ஏற்கவில்லை. ஆனால் சித்திரவதைக்கோ துன்புறுத்தலுக்கோ ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கடமை தூதரகத்துக்குள் இருப்பவருக்கும் பொருந்தும் என்றது. ஆபத்து என்ன என்று தனித்தனியாக ஆராயாமல் கதவைத் திறந்துவிடக் கூடாது. என் பார்வையில், இந்தத் துறையில் தனிமனிதரை மனிதராகப் பார்த்த மிகச் சில வரிகளில் இது ஒன்று.

நான் ஒரு முறைகேட்டை அம்பலப்படுத்தினேன், ஆபத்தில் இருக்கிறேன். தூதரகத்துக்குப் போகலாமா?

அதை முதல் வழியாக நினைக்காதீர்கள். பெரும்பாலான தூதரகங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் உள்ளே போனதைக் காவலர்களும் கேமராவும் பார்த்திருக்கும், அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் தற்காலிகமாக இருக்க விடும் வழக்கம் சில நாடுகளிடம் உண்டு, ஆனால் அது அந்த நேரத்துக்கு மட்டும்.

சட்டப்படி எல்லை தாண்ட உங்களுக்கு இன்னும் வழி இருந்தால், வெளியே போய்த் தஞ்சம் கேட்பது எவ்வளவோ மேல். பாஸ்போர்ட் கையில் இருக்கும்போதே அதை யோசியுங்கள், ரத்தான பிறகு அல்ல. அங்கே 1951 உடன்படிக்கை உங்களுக்குப் பொருந்தும், விண்ணப்பத்தைக் கேட்க ஓர் அமைப்பு இருக்கும், மறுத்தால் பெரும்பாலும் மேல்முறையீடும் இருக்கும். தூதரகத்தில் இவற்றில் எதுவும் கிடையாது. ஆவணத்தைத் தொடும் முன்பே, இந்த வகை வழக்குகளை நடத்திய ஒரு வழக்கறிஞரிடம் நேரில் பேசுங்கள், போனிலோ மெயிலிலோ வேண்டாம்.